கையில் போன், மேசையில் பிரஷர் மிசின்: கொழும்பில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

அம்மாவுக்குப் பிரஷர் இருப்பது தெரியவந்து பதினொரு வருடமாகிறது. மாதம் ஒருமுறை கிளினிக்குக்குப் போவார். கொப்பியில் ஒரு எண் எழுதுவார்கள். குளிசைப் பையோடு வெள்ளவத்தைக்குத் திரும்பி வருவார். ஆக, வருடத்துக்குப் பன்னிரண்டு எண்கள். அதுவும் எப்படிப்பட்ட எண்கள்? விடியப்புறம் எழும்பி, நம்பர் எடுக்க ஓடி, இரண்டு மணித்தியாலம் வாங்கில் குந்தியிருந்து, பக்கத்தில் இருந்த அக்காவின் மருமகள் கதையை முழுதாகக் கேட்டு முடித்த கையோடு அளந்த எண்கள். மிச்சம் 353 நாளும் அவருடைய இரத்தக் குழாய்களில் என்ன நடந்தது என்று ஒருவருக்கும் தெரியாது.

போன் பிரஷரைக் குறைக்காது, அதைக் குறைப்பது குளிசையும் சாப்பாடும் நடையும்தான். போன் செய்யக்கூடியது அந்த 353 நாளில் கொஞ்சத்தையாவது டொக்டரின் கண்ணுக்கு முன்னால் கொண்டுவருவது. அது சின்ன உதவி இல்லை. பிரித்தானியாவில் 1,182 பேரை வைத்து நடத்திய ஓர் ஆய்வு 2018இல் லான்செட் சஞ்சிகையில் வந்தது. வீட்டில் அளந்து, எண்ணைக் குறுஞ்செய்தியில் அனுப்பி, டொக்டர் அதைப் பார்த்து மருந்தைக் கூட்டிக் குறைத்தபோது, ஒரு வருட முடிவில் அவர்களுடைய மேல் பிரஷர் (மிசின் காட்டும் இரண்டு எண்ணில் பெரியது) வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களைவிடச் சராசரியாக 4.7 புள்ளி குறைவாக இருந்தது. சாதாரண எஸ்எம்எஸ்தான். பெரிய செயலியெல்லாம் தேவைப்படவில்லை.

வீட்டில் தொடங்க நினைப்பவர்களுக்கு, எங்கள் வீட்டிலும் பிறகு எங்கள் தொடர்மாடியில் நாலைந்து வீடுகளிலும் இதைச் செய்துகொடுத்த அனுபவத்தில் எழுதுகிறேன். நான் டொக்டர் இல்லை. மருந்தைப் பற்றிய முடிவு எதுவானாலும் அவர்களுடையது.

முதலில் மிசின், பிறகுதான் போன்

அநேகமானோர் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். முதலில் ஒரு செயலியை இறக்கிவிட்டு, அதற்குள் போட எண் எங்கே என்று தேடுகிறார்கள். சரியாக அளக்காத எண்ணை எவ்வளவு அழகான வரைபடமாகப் போட்டாலும் அது பிழையான வரைபடம்தான்.

மேல் கையில் கட்டும் மிசினையே வாங்குங்கள். மணிக்கட்டில் கட்டுவது கையாளச் சுகம்தான், ஆனால் கையைச் சரியாக இதயத்தின் உயரத்தில் பிடிக்காவிட்டால் எண் தடம்மாறிவிடும். வாங்கப் போகும் முன் தையல் டேப்பை எடுத்து, தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் கையின் சுற்றளவை அளந்துகொள்ளுங்கள். பெட்டியோடு வரும் கைப்பட்டி பெரும்பாலும் 22 முதல் 32 சென்ரிமீற்றர் வரையான கைக்கானது. கொஞ்சம் பருத்த கைக்கு அது இறுக்கமாக இருந்தால், இல்லாத பிரஷரைக் கூட்டிக் காட்டும். 42 சென்ரிமீற்றர் வரை போகும் அகலப் பட்டிகளும் இருக்கின்றன. பாமசியில் கேட்டால் எடுத்துத் தருவார்கள், கேட்காவிட்டால் கையில் கிடைத்ததைத் தருவார்கள்.

அடுத்தது மொடல் நம்பர். மிசினின் அடிப்பக்கத்தில் இருக்கும். ஸ்ட்ரைட் பிபி என்ற இணையத்தளத்தில், முறையாகப் பரிசோதித்துச் சரியென்று கண்ட மிசின்களின் பட்டியலை இலவசமாகப் பார்க்கலாம். கடையில் நின்றபடியே போனில் தேடலாம். கடைக்காரர் கொஞ்சம் முறைப்பார், பரவாயில்லை. பெட்டியில் பெரிய எழுத்தில் என்ன போட்டிருந்தாலும், பட்டியலில் அந்த மொடல் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

புளூடூத் உள்ளது வேண்டுமா? என் அபிப்பிராயம்: கட்டாயமில்லை. எண்களை நீங்களே தட்டெழுத முடியுமென்றால் சாதாரண மிசின் போதும். கண் மங்கல், கை நடுக்கம், அல்லது எண்ணைக் கொஞ்சம் "திருத்தி" எழுதும் பழக்கம் உள்ளவர்களுக்குப் புளூடூத் நல்லது. சிரிக்காதீர்கள், எங்கள் அம்மா 148ஐ 138 என்று எழுதியதை மிசினின் நினைவகத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். "நீ பயப்படுவாய் எண்டுதான்" என்றார்.

வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் மிசின் என்றால் மூன்று விஷயம் பாருங்கள். ரொறன்ரோவில் இருக்கும் அக்கா ஆசையோடு அனுப்பியது எங்களுக்கு மூன்றையும் படிப்பித்தது. ஒன்று, அடப்டர். அதில் 120 வோல்ட் என்று மட்டும் எழுதியிருந்தால் நம்முடைய 230 வோல்ட் பிளக்கில் செருக வேண்டாம், பற்றரி போட்டுப் பாவியுங்கள். இரண்டு, சில மிசின்களுக்கு அந்தந்த நாட்டுக்கான செயலி வேறாக இருக்கும். எந்தச் செயலி என்று பெட்டிக்குள் இருக்கும் தாளில் பார்த்து, அது இங்கே இறங்குகிறதா என்று முதலே சோதியுங்கள். மூன்று, மணி. எங்கள் மிசின் இரண்டு கிழமை ரொறன்ரோ நேரத்தில் ஓடியது. அம்மா காலையில் அளந்ததெல்லாம் முதல்நாள் இரவு அளந்ததாகப் பதிவாகிக் கிடந்தது. காலை எது, மாலை எது என்று பிரிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் போனது.

விரலை வைத்தால் பிரஷர் சொல்லும் செயலிகள்

வேண்டாம். போனின் கமெராவில் விரலை வைத்தால் எண் சொல்லும் என்று வரும் எதையும் நம்பி மருந்தைத் தீர்மானிக்காதீர்கள். இன்ஸ்டன்ட் பிளட் பிரஷர் என்று ஒரு செயலி 2014 நடுப்பகுதியிலிருந்து 2015 நடுப்பகுதி வரை விற்பனையில் இருந்தது, ஒரு லட்சத்துக்கு மேல் விற்றது. ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தபோது, உண்மையில் பிரஷர் கூடியிருந்தவர்களில் ஐந்தில் நாலு பேர் அளவுக்கு "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்று அது சொல்லியிருந்தது. பிறகு அமெரிக்க வர்த்தக ஆணையம் அந்த நிறுவனத்தின் மீது நடவடிக்கை எடுத்தது. செயலி போய்விட்டது, அதன் பேரன் பேத்திகள் இன்னும் செயலிக் கடையில் உலாவுகிறார்கள்.

கைக்கடிகாரங்கள் கொஞ்சம் வேறு. சாம்சங் கடிகாரம் பிரஷர் சொல்வதற்கு 28 நாளுக்கு ஒருமுறை கைப்பட்டி மிசினோடு ஒப்பிட்டுச் சரிசெய்ய வேண்டும். அப்படியென்றால் மிசின் எப்படியும் வேண்டும். கடிகாரத்தை நடையை எண்ண வைத்துக்கொள்ளுங்கள். பின்னேரம் மரைன் டிரைவிலோ காலிமுகத்திடலிலோ அது நன்றாகவே எண்ணும்.

போனைத் தயார்படுத்துவது

எந்தச் செயலி? புளூடூத் மிசின் என்றால் அதன் நிறுவனம் தரும் செயலி, உதாரணமாக ஓம்ரொன் மிசினுக்கு ஓம்ரொன் கனெக்ட். சாதாரண மிசின் என்றால் போனில் ஏற்கெனவே இருக்கும் சாம்சங் ஹெல்த் அல்லது ஐபோனின் ஹெல்த் போதும், இரண்டிலும் பிரஷரைக் கையால் பதியலாம். எதுவும் பிடிக்கவில்லையா, கூகுள் ஷீட்டில் ஐந்து நிரல் போடுங்கள்: திகதி, நேரம், மேல் எண், கீழ் எண், குறிப்பு.

இணைக்கும்போது எல்லாரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. போனின் புளூடூத் பட்டியலுக்குள் போய் மிசினைத் தேடுவார்கள். அங்கே தேட வேண்டாம். செயலியைத் திறந்து, அதற்குள் மிசினைச் சேர்க்கும் பகுதியில் மொடலைத் தெரிவுசெய்து, அது சொல்லும்போது மிசினின் புளூடூத் பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடியுங்கள். இடையில் அண்ட்ரொய்ட் போன் அனுமதி கேட்கும். பழைய போன்கள் இருப்பிட அனுமதி கேட்கும், புதியவை பக்கத்துச் சாதனங்களைத் தேட அனுமதி கேட்கும். "இதுக்கு ஏன் என் இருப்பிடம்" என்று மறுத்தால் மிசின் கண்ணில் படாது. பழைய அண்ட்ரொய்டில் புளூடூத் தேடுவதற்கே அந்த அனுமதி வேண்டும், அவ்வளவுதான். தொடர்புப் பட்டியலையோ படங்களையோ கேட்டால் மறுக்கலாம்.

ஒரு மிசினை அப்பாவும் அம்மாவும் பாவித்தால், அதில் ஒன்று, இரண்டு என்று ஆளைத் தெரிவுசெய்யும் சுவிட்சு இருக்கும். அளக்கும் முன் அதைப் பாருங்கள். இல்லாவிட்டால் அப்பாவின் பிரஷருக்கு அம்மா மருந்து குடிக்க நேரிடும்.

அளக்கும் நேரம்

இதுதான் முழு விஷயத்தின் மையம், ஆகவே கொஞ்சம் ஆறுதலாகச் சொல்கிறேன்.

முதல் தடவை அம்மா அளந்தபோது நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அன்று லிப்ட் வேலை செய்யவில்லை. சந்தைக்குப் போய் மூன்றாம் மாடிக்கு ஏறி வந்து, மீன் பையைக் குசினியில் வைத்துவிட்டு, கட்டிலின் ஓரத்தில் காலுக்கு மேல் கால் போட்டு உட்கார்ந்தார். சட்டைக் கைக்கு மேலே பட்டியைச் சுற்றினார். கை மடியில் கிடந்தது. பட்டி இறுக இறுக, "இதென்ன தம்பி இப்பிடிக் கிடந்து இறுக்குது, அண்டைக்குக் கிளினிக்கிலயும் இப்பிடித்தான்" என்று கதை ஓடியது. 158/92. முகம் வாடிவிட்டது.

பிறகு, முதுகைத் தாங்கும் கதிரையில் உட்காரவைத்தேன். இரண்டு பாதமும் நிலத்தில். கையை மேசையில் வைத்து, அடியில் ஒரு தலையணை, பட்டி நெஞ்சின் உயரத்துக்கு வரும்படி. வெறும் கையில், முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே பட்டி. ஐந்து நிமிடம் கதை இல்லை, ரீவி இல்லை, போன் இல்லை. 141/84. அதே அம்மா, அதே மிசின், கால் மணித்தியால வித்தியாசம். அந்தப் பதினேழு புள்ளிக்காக ஒரு குளிசை கூடியிருந்தால்?

அளப்பதற்கு அரை மணித்தியாலம் முன்பிருந்து தேத்தண்ணி, கோப்பி, சிகரெட், நடை எதுவும் வேண்டாம். சிறுநீர் முட்டிக்கொண்டிருக்கும்போது அளக்கக்கூடாது, அதுவே பிரஷரைக் கூட்டும். காலை என்றால் எழும்பி, கழிவறைக்குப் போய்வந்து, குளிசைக்கும் சாப்பாட்டுக்கும் முன். மாலை என்றால் இரவுச் சாப்பாட்டுக்கு முன். ஒவ்வொரு தடவையும் ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து, இரண்டையும் பதியுங்கள். இரண்டில் நல்லதை மட்டும் பதிவது சாதகத்தைத் திருத்தி எழுதுவது மாதிரி.

தொடங்கும் நாளில் இரண்டு கையிலும் அளந்து பாருங்கள். எந்தக் கையில் கூடக் காட்டுகிறதோ அதற்குப் பிறகு எப்போதும் அந்தக் கைதான். வித்தியாசம் பெரிதாக இருந்தால் டொக்டரிடம் சொல்லுங்கள். மிசினில் ஒழுங்கற்ற துடிப்புக்கான அடையாளம் அடிக்கடி வந்தாலும் அப்படித்தான். துடிப்பு ஒழுங்கில்லாதவர்களுக்கு இந்த மிசின்கள் காட்டும் எண் அவ்வளவு நம்பகமில்லை.

ஏழு நாள் கணக்கு

தினமும் வருடம் முழுக்க அளக்கத் தேவையில்லை. அப்படி அளப்பவர்கள் இரண்டு மாதத்தில் வெறுத்துப்போய் மிசினை அலுமாரியில் வைத்துவிடுகிறார்கள், அல்லது ஒரு நாளைக்குப் பத்துத் தரம் அளந்து, அளக்கிற பயத்திலேயே பிரஷரைக் கூட்டிக்கொள்கிறார்கள். கிளினிக்குக்கு முந்திய ஏழு நாள் போதும். மருந்து மாற்றியிருந்தால் டொக்டர் சொல்லும் நாட்களில்.

ஏழு நாள், காலை இரண்டு, மாலை இரண்டு, மொத்தம் 28 எண். முதல்நாளின் நாலையும் விட்டுவிடுங்கள், அன்று எல்லாருக்கும் கொஞ்சம் பதற்றம் இருக்கும். மிச்சம் 24இன் சராசரிதான் உங்கள் எண். காலையையும் மாலையையும் தனித்தனியாகவும் பாருங்கள். அம்மாவுக்கு ஒருமுறை காலைச் சராசரி 142/86, மாலைச் சராசரி 131/80 என்று வந்தது. சேர்த்தால் 137/83. மொத்தத்தை மட்டும் பார்த்தால் "கொஞ்சம் கூட" என்று போயிருக்கும். பிரித்துப் பார்த்ததால்தான் காலையில் ஏறுவது தெரிந்தது, டொக்டரும் அதைப் பார்த்துத்தான் மருந்தை மாற்றினார்.

வீட்டுச் சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் என்றால் கூடுதல் என்று எடுப்பார்கள். கிளினிக்கில் அந்தக் கோடு 140/90. கிளினிக்கில் மட்டும் ஏறுபவர்களும் உண்டு, அங்கே நன்றாக இருந்து வீட்டில் ஏறுபவர்களும் உண்டு. இரண்டாவது வகையினர்தான் இந்த மிசினால் பிழைப்பவர்கள். உங்களுக்கென்று எந்த எண்ணுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பதை டொக்டரிடம் கேட்டு, அதைச் செயலியின் குறிப்பிலேயே எழுதி வையுங்கள்.

குறிப்பு நிரலை வெறுமையாக விடாதீர்கள். நித்திரை இல்லை, முதல்நாள் கருவாட்டுக் குழம்பு, கலியாண வீடு, குளிசை தவறியது என்று இரண்டு சொல் போதும். முழங்கால் வலிக்குப் போட்ட குளிசையையும் எழுதுங்கள். டைக்குளோபினெக் போன்ற வலிநிவாரணிகள் பிரஷரைக் கூட்டும். தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் பரசிற்றமோலில் சோடியம் இருக்கிறது. உப்பு நாளைக்கு 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு, அதாவது ஒரு தேக்கரண்டியைவிடக் கொஞ்சம் குறைவு. ஊறுகாயும் அப்பளமும் மாசிச் சம்பலும் ஒரே கோப்பையில் சேரும் வீட்டில் அது மத்தியானமே முடிந்துவிடும்.

குளிசை நினைவூட்டல்

தனிச் செயலி வேண்டியதில்லை, போனின் அலாரம் போதும். அதற்குப் பெயர் வைக்கலாம்: "காலைக் குளிசை, வெள்ளை, ஒன்று". தனிச் செயலி பாவித்தால் பற்றரி சேமிப்பு அமைப்பில் அதற்கு விதிவிலக்குக் கொடுங்கள், இல்லாவிட்டால் நாலாம் நாள் போன் அதைத் தூங்கவைத்துவிடும். அம்மா அலாரத்தை நிறுத்திவிட்டுக் கறியைப் பார்க்கப் போய்விடுவார். ஆகவே இப்போது போன் சார்ஜில் கிடப்பதே குளிசைப் பெட்டிக்குப் பக்கத்தில். குளிசையை விழுங்கிய பிறகுதான் அலாரத்தை நிறுத்துவது என்று சட்டம்.

இன்னோர் அலாரம், மருந்து முடிய ஐந்து நாள் இருக்கும்போது. கிளினிக் நாள் போயாவிலோ வேறு விடுமுறையிலோ விழுகிறதா என்று போன் நாட்காட்டியில் முதலே பாருங்கள்.

டொக்டரிடம் கொண்டுபோவது

அரசாங்கக் கிளினிக்கில் உங்களுக்குக் கிடைப்பது இரண்டு மூன்று நிமிடம். அந்த நேரத்தில் போனைத் திறந்து, பூட்டை எடுத்து, வரைபடத்தைப் பெருப்பித்துக் காட்ட முயன்று நான் ஒருமுறை வாங்கிக் கட்டியிருக்கிறேன். இப்போது செய்வது: சராசரி மூன்றையும் (காலை, மாலை, மொத்தம்) ஒரு துண்டுத்தாளில் எழுதி, கிளினிக் கொப்பியின் அந்தப் பக்கத்தில் ஒட்டிவிடுவேன். எந்தத் திகதி முதல் எந்தத் திகதி வரை, எந்தக் கை, எந்த மிசின் என்பதும் அதில் இருக்கும். டொக்டர் கேட்டால்தான் போன். இவ்வளவு தொழில்நுட்பமும் கடைசியில் ஒரு துண்டுத்தாளில் வந்து நிற்கிறதே என்று தம்பி சிரித்தான். சிரிக்கட்டும்.

தனியாரில் சனல் பண்ணிப் போகிறவர்களுக்குக் கொஞ்சம் வசதி. செயலியில் பிடிஎப் எடுத்து, அச்சடித்துக் கொண்டுபோகலாம். வருடத்தில் ஒருமுறை மிசினையும் கூடவே கொண்டுபோய், அங்கே அளக்கும் எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

நல்ல எண் வந்துவிட்டது என்று குளிசையை நிறுத்தாதீர்கள். குளிசை குடிப்பதால்தான் அந்த எண் வந்தது.

வட்ஸ்அப் குடும்பம்

கொழும்பில் தனியாக இருக்கும் அம்மா அப்பாக்களின் பிள்ளைகள் லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கிறார்கள். ஒவ்வொரு எண்ணும் குடும்பக் குழுவில் விழுந்தால் என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. 152 என்று ஒரு நாள் போட்டதற்கு, நடுச்சாமத்தில் மூன்று நாட்டிலிருந்து அழைப்பு வந்து, அம்மாவின் பிரஷர் உண்மையாகவே ஏறியது. எங்கள் ஏற்பாடு இதுதான்: குழுவில் அளந்த கிழமையின் சராசரி மட்டும். தனி எண்களைப் பார்ப்பது ஒரே ஒரு ஆள், இங்கே இருக்கிற ஆள். மாமா ஒருவர் அனுப்பும் வெந்தயத் தண்ணி, உள்ளி வைத்தியங்களுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகரலாம்.

பிரஷர் விபரம் உங்கள் அந்தரங்கம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் சுகாதாரத் தகவலுக்குத் தனி இடம் உண்டு. ஆனாலும் யாரென்று தெரியாத இலவசச் செயலிக்கு அடையாள அட்டை இலக்கம் கொடுப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது. போனுக்கு ஒரு பூட்டுப் போடுங்கள், மாதம் ஒருமுறை தரவை உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பி வையுங்கள்.

எண் மிகவும் ஏறினால்

மேல் எண் 180ஐயோ கீழ் எண் 120ஐயோ தொட்டால், முதலில் உட்காருங்கள். ஐந்து நிமிடம் கழித்துத் திரும்ப அளங்கள். இறங்காமல் நின்று, ஆனால் உடம்புக்கு வேறொன்றும் இல்லையென்றால், அன்றே டொக்டரோடு கதையுங்கள். பயத்தில் இன்னொரு குளிசை போடுவதோ, பக்கத்து வீட்டுக்காரர் தரும் குளிசையை நாக்குக்குக் கீழே வைப்பதோ வேண்டாம். பிரஷர் திடீரென்று விழுந்தால் அதுவும் ஆபத்து.

நெஞ்சுவலி, மூச்சு முட்டல், ஒரு பக்கம் கை கால் இழுத்தல், வாய் கோணல், பேச்சுக் குழறல், பார்வை மங்கல், இதுவரை இல்லாத கடும் தலையிடி, இவற்றில் ஒன்று வந்தால் எண் எதுவாக இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். திரும்ப அளந்துகொண்டும் நிற்க வேண்டாம். 1990 சுவசெரிய அம்புலன்ஸ், இலவசம். அந்த எண்ணை அம்மாவின் போனில் முதற்பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். அதற்குக் கீழே ஒரு குறிப்பு: வீட்டு இலக்கம், ஒழுங்கையின் பெயர், காலி வீதியிலிருந்து கடல்பக்கம் திரும்ப வேண்டும், மூன்றாம் மாடி, லிப்ட் வேலை செய்யாவிட்டால் பின்பக்கப் படி. பதற்றத்தில் சொந்த விலாசமே வாயில் வராது, அதனால் அம்மா அதை வாசித்தே சொல்லலாம். எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கிறேன், கண்ணாடி இல்லாமலும் தெரியும்.